தாம்பரம் தடத்தில் கரி

1931 மே 11 அன்று மதராஸ் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் முறைப்படி ஓடத் தொடங்கியது. தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர்கேஜ் தண்டவாளம், மேலே 1,500 வோல்ட் நேர்மின்சாரம், தூரம் ஏறக்குறைய 29 கிலோமீட்டர். சைதாப்பேட்டை, பரங்கிமலை, பல்லாவரம் என்று நின்று நின்று போகிற வண்டிக்கு மின்சாரம் தோதானது. சட்டென்று வேகம் பிடிக்கும். கடைசி நிலையத்தில் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டும் வேலையும் இல்லை. ரயில் வரலாறு எழுதுகிறவர்கள் வேகத்தையும் வோல்ட்டையும் சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்கு வேறொன்று கிடைத்தது. கண்ணில் கரி விழவில்லை. வெள்ளை வேட்டி வெள்ளையாகவே வீடு போய்ச் சேர்ந்தது.

கரி வண்டி என்றுதான் பழைய ரயிலுக்குப் பேர். ஆனால் தொடக்கக் காலத்தில் இந்தப் பக்கத்து எஞ்சின்கள் விறகையும் ஏராளமாகத் தின்றன. தமிழ்நாட்டில் நிலக்கரி வெட்டவில்லை, கப்பலில் வரவழைத்தால் விலை எகிறும். ஆகவே 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் செங்கல்பட்டு மாவட்டத்துக் கடலோர மணலில் ரயில் விறகுக்கென்றே சவுக்கு நட்டார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் தென்படும் சவுக்குத் தோப்புகளின் பூர்வீகத்தில் ரயிலுக்கும் பங்கு உண்டு.

நிலக்கரி பெருகப் பெருகப் புகை கறுத்தது. அடுப்பில் வீசிய நிலக்கரியிலிருந்து சில நொடிகளில் எரிவாயுவும் தார் ஆவியும் குபீரென்று கிளம்பும். அந்த நேரத்தில் பக்கத்தில் காற்று இருந்து கலந்துவிட்டால் எல்லாம் எரிந்து தீரும். காற்று வரத் தாமதித்தால் சூட்டில் சிதைந்த மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேர்ந்து வளையங்களாகும். வளையங்கள் பெருத்து, ஒட்டி, ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் சில பங்கு அளவுள்ள திடத் துகள்களாகும். இந்தத் துகள்தான் புகைக்கரி. தீ மஞ்சளாக ஒளிர்வதே இது சூடேறி மின்னுவதால்தான் என்பதை, 1860ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் சிறுவர்களுக்கு ஒரு மெழுகுவர்த்தியை வைத்தே விளக்கினார் மைக்கேல் ஃபாரடே. துகள் பிறந்த பிறகும் அதற்கு ஒரு வாய்ப்பு மிச்சம் இருக்கிறது. சூடு தணியுமுன் காற்றைச் சந்தித்தால் எரிந்து மறைந்துவிடும். சந்திக்காமல் தீயை விட்டு வெளியேறினால் புகைபோக்கி வழியாக ஊருக்குள் வரும். அரிக்கேன் விளக்கில் திரியை அதிகம் ஏற்றினால் கண்ணாடி கறுத்துப்போவதும் இதனால்தான்.

இதையெல்லாம் எந்தப் புத்தகமும் படிக்காமல் கையால் அறிந்திருந்தவர் ஃபயர்மேன். நிலக்கரியை மொத்தமாகக் கொட்டக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, தணலின் மேல் பரவலாக வீச வேண்டும். வீசியதும் அடுப்புக் கதவைச் சற்றே திறந்து வைத்தால் மேற்பக்கமாகக் காற்று நுழைந்து வாயுவோடு கலக்கும். பிறகு அவர் பார்வை புகைபோக்கிக்குப் போகும். மெல்லிய சாம்பல் நிறம் என்றால் சரி. கறுப்பு என்றால் நிலக்கரி வீணாகிறது. புகையே தெரியவில்லை என்றால் காற்று மிகுந்து அடுப்பு ஆறிக்கொண்டிருக்கலாம். ஆடி ஓடும் எஞ்சினில், அனல் முகத்தில் அடிக்க, நிமிடத்துக்கு நிமிடம் இந்த மூன்றையும் சரிபார்த்துக்கொண்டே இருந்த அந்த உழைப்பாளியை எரிதல் அறிவியலின் முன்னோடிகளில் சேர்க்கத் தயங்க வேண்டியதில்லை.

அவருக்கு உதவியாக அடுப்புக்குள் ஒரு செங்கல் வளைவும் இருந்தது. எஞ்சின் தன் புகையைத் தானே எரித்துவிட வேண்டும் என்று இங்கிலாந்தில் சட்டம் இருந்ததால் அங்கே தொடக்கத்தில் புகை குறைந்த கற்கரியைத்தான் எரித்தார்கள். 1850களின் இறுதியில் மிட்லண்ட் ரயில்வேயில் மேத்யூ கிர்ட்லியும் சார்லஸ் மார்க்கமும் சேர்ந்து இந்த வளைவைப் பொருத்திக் காட்டிய பிறகு பச்சை நிலக்கரியை எரிக்க வழி பிறந்தது. தீ நேராகக் குழாய்களுக்குள் பாயாமல் வளைவைச் சுற்றிப் போனது. அந்தச் சுற்றுவழியில் வாயுவுக்கும் காற்றுக்கும் கலக்க அவகாசம் கிடைத்தது.

1931இல் மின்சாரம் வந்தபோது கரி ஒழிந்துவிடவில்லை, இடம் மாறியது. மின்சாரத்தை விற்றது மதராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன். அதன் நிலையம் வடக்கே பேசின் பிரிட்ஜில் நிலக்கரியை எரித்தது. தாம்பரத்துக்காரரின் ஜன்னல் தெளிந்ததற்கான புகையை வடசென்னை சுவாசித்தது. தாம்பரத்தின் காற்றுக்கு அப்போதே தனி மதிப்பு இருந்தது. காசநோய்க்குத் திறந்தவெளிக் காற்றையே மருந்தாக நம்பிய டாக்டர் சவுரிமுத்து 1928இல் தம் சானடோரியத்தைத் தொடங்கியது இங்கேதான். அந்தப் பெயரில் இன்றும் ஒரு ரயில் நிலையம் நிற்கிறது. தாம்பரத்துக்குத் தெற்கே மின்கம்பி போக 1960கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1967இல் கடற்கரைத் தடமும் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாறியது.

ஃபயர்மேன் கண்ணால் கண்டதைக் கணக்காக எழுத முயன்றது அதற்குப் பிந்தைய தலைமுறை. கொந்தளிக்கும் தீயில் பெரிய சுழல்கள் உடைந்து சிறு சுழல்களாகி, அவையும் உடைந்த பிறகே எரிபொருளும் காற்றும் மூலக்கூறு மட்டத்தில் கலக்கின்றன. ஆகவே எரியும் வேகத்தைச் சுழல் உடையும் வேகம்தான் தீர்மானிக்கிறது என்று 1971இல் சொன்னார் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் பிரையன் ஸ்பால்டிங். அடுத்த ஆண்டு அவரும் புனேயிலிருந்து போன சுஹாஸ் படங்கரும் சேர்ந்து வெளியிட்ட கணக்கிடும் முறை உலகெங்கும் பாய்மப் பொறியாளர்களின் அன்றாடக் கருவியானது. 1976இல் நார்வேக்காரர்களான மாக்னுசனும் யெர்ட்டாகரும் சுழல் கருத்தைத் திருத்தி, புகைக்கரி பிறப்பதையும் எரிந்து தீர்வதையும் அதே கணக்குக்குள் கொண்டுவந்தார்கள். எரிபொருள், ஆக்சிஜன் இரண்டில் எது குறைவோ அது வேகத்தை நிர்ணயிக்கும் என்பது அவர்கள் வைத்த விதி.

எளிய விதி, பெரிய பலன். ஆனாலும் கரி இன்றுவரை முழுமையாகப் பிடிபடவில்லை. மற்ற வேதிவினைகள் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும், கரி நிதானமாக வளரும். ஒரு துகள் இப்போது எங்கே இருக்கிறது என்பது போதாது. எந்தெந்தச் சூட்டையும் கலவையையும் கடந்து வந்தது என்பதும் தெரிய வேண்டும். கிண்டி நிலையத்துக்குச் சில கிலோமீட்டர் தொலைவில், ஐஐடி மெட்ராஸ் வளாகத்தில் இயங்கும் தேசிய எரிதல் ஆராய்ச்சி மையத்தில் தீயைச் சோதனைக்கூடத்திலும் கணினியிலும் ஆராய்கிறார்கள்.

வளாகத்துக்கு வெளியே கரி வேறு வழியில் திரும்பி வந்தது. 2018 ஜனவரி 13, போகி. விடியற்காலையில் பனியோடு புகை சேர்ந்து மீனம்பாக்கம் ஓடுதளமே கண்ணுக்குத் தெரியாமல் போக, விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன; பல ரத்தாயின. பாய், துணியோடு டயரும் எரிந்தால் நிலைமை மோசம். வளைய மூலக்கூறுகள் டயரின் செயற்கை ரப்பரிலேயே இருக்கின்றன, போதாக்குறைக்கு டயரின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு ஆலையில் தயாரித்துச் சேர்த்த கரித்தூள். தெருவில் எரியும் டயருக்குச் செங்கல் வளைவும் இல்லை, கதவைத் திறந்து காற்று விட ஃபயர்மேனும் இல்லை. பம்மலும் பொழிச்சலூரும் அனகாபுத்தூரும் ஓடுதளத்தை ஒட்டியே இருக்கின்றன.

அந்த ஓடுதளத்திலிருந்து கிளம்பும் விமானங்களின் எஞ்சினிலும் பிரச்சினை அதேதான். பல எஞ்சின்களில் எரிகலனின் முன்பகுதியில் எரிபொருள் வேண்டுமென்றே மிகுதியாக வைக்கப்படுகிறது. கரி அங்கே பிறக்கும். உடனே பக்கத் துளைகள் வழியாக மிகுந்த காற்று பாய்ந்து கலந்து அதை எரித்துவிட வேண்டும். எவ்வளவு தப்புகிறது என்பதை எடையால் மட்டுமன்றித் துகள்களின் எண்ணிக்கையாலும் கட்டுப்படுத்தும் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் வரம்புகள் 2023 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன.