புகைப்பதை விடுவோரின் மனத்தவிப்பு (மும்பை)

புகைப்பதை நிறுத்தியவரிடம் முதல் சில வாரங்களில் தோன்றும் எரிச்சல், பதற்றம், மனச்சோர்வு, தூக்கக்கேடு, கவனக்குலைவு ஆகியவற்றை மருத்துவ நூல்கள் நிக்கோட்டின் விலகல் அறிகுறிகள் என வகைப்படுத்துகின்றன. பீடி, சிகரெட் புகையிலுள்ள நிக்கோட்டின் சில நொடிகளில் மூளையை எட்டி, இன்பவுணர்வோடு தொடர்புடைய டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கச் செய்கிறது. இரத்தத்தில் நிக்கோட்டினின் அளவு ஏறத்தாழ 2 மணி நேரத்தில் பாதியாகிவிடுவதால், பழகிய உடலில் தவிப்பு மறுபடி தலைதூக்குகிறது. அடுத்த பீடி தரும் நிம்மதியில் பெரும்பங்கு முந்தைய பீடி விட்டுச்சென்ற குறை தீர்வதே ஆகும். 'டென்ஷனுக்காகத்தான் பிடிக்கிறேன்' என்பவர் இதைக் கணக்கில் கொள்வதில்லை. இத்தவிப்பு பொதுவாக ஒரு நாளுக்குள் தொடங்கி, முதல் வாரத்தில் உச்சமடைந்து, 2 முதல் 4 வாரங்களில் தணிகிறது.

மும்பை தாராவியின் தோல், தையல் பட்டறைகளில் வேலைக்கு இடையே கிடைக்கும் ஓய்வு 'கட்டிங்' எனப்படும் அரைக்குவளைத் தேநீரோடும் புகையோடும் பிணைந்திருப்பதால், புகையை விடுபவர் சக தொழிலாளரோடு நிற்கும் அந்தச் சில நிமிடங்களையும் இழந்ததாக உணரக்கூடும். மகாராஷ்டிர அரசு 2020 செப்டம்பரில் சிகரெட், பீடிகளை உதிரியாக விற்பதைத் தடைசெய்தது. ஆனால் மாநிலத்தின் பெரிய சிக்கல் புகையாத புகையிலையாகும். 2016-17 ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பின்படி, மாநிலத்தில் வயதுவந்தோரில் 3.8 விழுக்காட்டினர் புகைக்க, 24.4 விழுக்காட்டினர் புகையிலையை மென்றோ, மிஷ்ரி எனப்படும் வறுத்த புகையிலைத் தூளைப் பல்லில் தேய்த்தோ பயன்படுத்தினர். தவிப்பு தாளாமல் பீடியிலிருந்து இவற்றுக்கு மாறுபவர் நிக்கோட்டினை விடுவதில்லை. தவிப்பைத் தள்ளிப்போடுகிறார், அவ்வளவே.

வேட்கை ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களே நீடிப்பதால், இடத்தை விட்டு நகர்தல், தண்ணீர் பருகுதல், மெல்ல மூச்சிழுத்து விடுதல் ஆகியன பயன்தருகின்றன. நிக்கோட்டின் மெல்லும் பசை தவிப்பின் கடுமையைக் குறைக்கிறது. எனினும் மனக்கலக்கத்தைச் சொல்லி ஆற்றிக்கொள்ளத் தாய்மொழி வேண்டும். கடைத்தெருவில் இந்தியும் மராத்தியும் பேசும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர்த் தமிழருக்கும் இது பொருந்தும். டெல்லியில் 2016 இல் தொடங்கிய 1800-11-2356 என்னும் கட்டணமில்லா ஆலோசனைத் தொலைபேசிச் சேவை, 2018 இல் மும்பை டாட்டா நினைவு மையத்துக்கும் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்துக்கும் விரிந்தது. நிம்ஹான்ஸ் மையத்தில் தமிழிலும் ஆலோசனை உண்டு.

பிரித்தானிய மருத்துவ இதழில் 2014 இல் வெளியான, 26 ஆய்வுகளைத் தொகுத்த பகுப்பாய்வு, புகையை விட்டவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் தொடர்ந்து புகைத்தவர்களைவிடக் குறைந்திருந்ததைக் காட்டியது. சில வாரங்கள் கடந்தும் சோர்வு நீங்காவிடில், அது விலகல் அறிகுறியாக அன்றித் தனி மனநலக் குறையாகவே இருக்கலாம் என்பதால், மருத்துவரின் மதிப்பீடு தேவைப்படுகிறது.