ஆன்லைன் வகுப்பில் துணைக்கு ரோபோ... பிள்ளைகள் நிஜமாவே படிப்பாங்களா?

ஆன்லைன் வகுப்பு தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே கேமரா ஆஃப், கவனமும் ஆஃப். பல வீடுகளில் நடப்பதுதான் இது. பாடம் புரிந்தாலும், பக்கத்தில் யாருமே இல்லாமல் தனியாகப் படிப்பது சீக்கிரம் சலித்துவிடும். அந்த இடத்தை நிரப்பத்தான் ‘சோஷியல் ரோபோ’ வந்திருக்கிறது.

சோஷியல் ரோபோ என்றால் என்ன?

மனிதர்களோடு பேசி, முகம் பார்த்து, தலையாட்டிப் பழகும் ரோபோ. பிரான்ஸில் உருவான, 58 செ.மீ உயரமுள்ள ‘நாவோ’ இதில் பிரபலம். பாடம் நடத்துவது மட்டும் இதன் வேலை இல்லை. “அடுத்த கணக்கையும் போட்டுப் பார்க்கலாமா?” என்று கேட்கும், சரியாகச் செய்தால் பாராட்டும், சோர்ந்தால் சின்ன பிரேக் எடுக்கச் சொல்லும். கூடப் படிக்கும் ஃப்ரெண்ட் மாதிரி.

திரையிலேயே ஒரு பொம்மை வந்தால் போதாதா?

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். 2012-ல் வெளியான அந்த ஆய்வில், புதிர் போடுபவர்களில் ஒரு குழுவுக்கு எதிரே இருந்த ரோபோ ஐடியா கொடுத்தது. இன்னொரு குழுவுக்கு அதே ரோபோ திரையில் தோன்றிச் சொன்னது. நேரில் ரோபோ இருந்தவர்கள்தான் புதிரை வேகமாக முடித்தார்கள்.

அப்போ வாங்கிடலாமா?

அவசரம் வேண்டாம். நெதர்லாந்தில் 5, 6 வயதுக் குழந்தைகள் 194 பேர் பங்கேற்ற ஆய்வில், நாவோவை வைத்து ஆங்கிலச் சொற்கள் கற்றுக்கொடுத்தார்கள். 2019-ல் வந்த முடிவு: ரோபோவும் டேப்லெட்டும் இருந்தவர்கள், வெறும் டேப்லெட்டில் படித்தவர்களைவிட அதிகம் கற்கவில்லை. 2015-ல் வெளியான இன்னொரு ஆய்வில், ரோபோ ரொம்ப நெருங்கிப் பழகியபோது குழந்தைகள் கற்றது குறைவாகவே இருந்தது. ரோபோவையே பார்த்துக்கொண்டிருந்தால் பாடத்தில் கவனம் எப்படி இருக்கும்?

கம்பெனியை மூடினால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் 799 டாலருக்கு விற்கப்பட்ட ‘மோக்ஸி’ ரோபோவுக்கு இதுதான் நடந்தது. அதைத் தயாரித்த ‘எம்பாடிட்’ நிறுவனம் மூடப்படுவதாக 2024 டிசம்பரில் அறிவித்தது. மோக்ஸியின் பேச்சு முழுக்க நிறுவனத்தின் சர்வரை நம்பி இருந்ததால், நண்பனை இழக்கப்போவதை அறிந்து குழந்தைகள் அழுத வீடியோக்கள் பரவின.

வாங்கும் முன் கேட்க வேண்டிய 3 கேள்விகள்

* இன்டர்நெட் இல்லாவிட்டாலும், கம்பெனியே இல்லாவிட்டாலும் இயங்குமா?
* கேமரா, மைக்கில் பதிவாகும் பிள்ளையின் முகமும் குரலும் எங்கே போகிறது?
* பிள்ளைக்குத் தேவை ரோபோவா, அல்லது படிக்கும்போது பக்கத்தில் உட்கார ஒரு ஆளா?

மூன்றாவது கேள்விக்கு விடை ‘ஆள்’ என்றால், செலவே இல்லை.