கொல்லிமலைக்கு நியாண்டர்தால் வந்தாங்களா?

போன மாசம் ஃப்ரெண்ட்ஸோட கொல்லிமலை போயிருந்தேன். 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி, தலைசுத்தல் அடங்கி, டீ குடிக்கும்போது ஒருத்தன் கேட்டான்: "மச்சி, நியாண்டர்தால் எல்லாம் இங்க வந்திருப்பாங்களா?"

இந்தியாவுல இதுவரைக்கும் ஒரு நியாண்டர்தால் எலும்புகூட கிடைக்கலைன்னு சொன்னேன். கிழக்கே அவங்க எலும்பு கிடைச்சது உஸ்பெகிஸ்தானோட தெஷிக்-தாஷ் குகை, அப்புறம் சைபீரியாவோட அல்தாய் மலை வரைக்கும்தான். ஆனா அவங்களை ஞாபகப்படுத்துற கல் கருவி நம்ம ஊர்லயே இருக்கு.

கொல்லிமலையில இல்ல, திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்துல. 1863-ல ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டுபிடிச்ச இடம். ரொம்ப வருஷம் கழிச்சு சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்க தோண்டினாங்க. 2018-ல 'நேச்சர்' இதழ்ல அவங்க குழு வெளியிட்ட கட்டுரைப்படி, லெவலுவா முறை அங்க சுமார் 3,85,000 வருஷத்துக்கு முன்னாடியே வந்தாச்சு. மண் துகள் கடைசியா எப்போ வெயில் பார்த்துச்சுன்னு அளந்து சொன்ன கணக்கு இது.

லெவலுவான்னா, கல்லை எடுத்தவுடனே உடைக்கறது இல்ல. முதல்ல சுத்தி சுத்திச் செதுக்கி மேற்பரப்பைத் தயார் பண்ணணும். அப்புறம் ஒரே அடி, நினைச்ச வடிவத்துல சில்லு பெயர்ந்து வரும். அடிக்கறதுக்கு முன்னாடியே அந்த வடிவம் மண்டைக்குள்ள இருக்கணும். எனக்கு இதுதான் பிரமிப்பு.

ஐரோப்பாவுல இந்த முறையை நியாண்டர்தாலோட சேர்த்துப் பேசுவாங்க. ஆனா ஆப்பிரிக்காவுல நம்ம இனத்து ஆட்களும் இதைப் பண்ணியிருக்காங்க. கோடிங் ஸ்டைலை மட்டும் பார்த்து எழுதினது யாருன்னு சொல்ற மாதிரிதான். கமிட்ல பேர் இல்ல. அத்திரம்பாக்கத்துல அந்தப் பேர்தான் எலும்பு. அது கிடைக்காம "தமிழ்நாட்டுல நியாண்டர்தால்"னு யாராவது ரீல்ஸ் போட்டா நம்பாதீங்க.

அப்போ நமக்கும் அவங்களுக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கு. கடைசிப் பனியுகத்துல, சுமார் 50,000 வருஷத்துக்கு முன்னாடி, ரெண்டு இனமும் கலந்துச்சு. 2020-ல ஹ்யூகோ ஸீபெர்கும் ஸ்வாந்தே பாபோவும் ஒரு விஷயத்தைக் காட்டினாங்க: கோவிட் தீவிரமாகுற ஆபத்தைக் கூட்டுற, மூணாவது குரோமோசோம்ல இருக்கற ஒரு பகுதி நியாண்டர்தால்கிட்ட இருந்து வந்தது. ஐரோப்பாவுல அது சுமார் 16% பேர்கிட்ட இருக்கு. தெற்காசியாவுல கிட்டத்தட்ட பாதிப் பேர்கிட்ட.

2021 மே மாசம் எங்க அப்பா ஒன்பது நாள் ஆக்சிஜன்ல இருந்தார். வயசு, சுகர்னு அவருக்கு வேற காரணங்களும் இருந்துச்சு. இதை நான் சொல்லி முடிச்சப்போ ஃப்ரெண்ட் கேட்டான், "டெஸ்ட் எடுத்துப் பார்த்தீங்களா?" இல்ல. அப்பா வீடு திரும்பினதே போதும்னு விட்டுட்டோம்.