கூண்டு முயலும் காட்டு முயலும்

நம்ம புதுக்கோட்டை பக்கம் முயல் கறி என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. தைலமரக்காடு, கண்மாய்க்கரை என்று வலையும் நாயுமாய்த் திரிந்த கதை பெரியவர்களிடம் நிறைய இருக்கும். ஆனால் அந்த முயல் வேறு, பண்ணையில் கறிக்காக வளர்க்கும் முயல் வேறு. இது தெரியாமல்தான் பாதிக் குழப்பம்.

காட்டு முயல் குட்டி கண் திறந்து, முடியோடு பிறக்கும். பண்ணை முயல் குட்டி கண் மூடி, முடியே இல்லாமல் பிறக்கும். தாய் தன் முடியைப் பிடுங்கி மெத்தை போட்டுக் காப்பாற்றும். இரண்டும் இணைந்து குட்டி போடாது. காட்டு முயலை வேட்டையாடுவது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். பண்ணை முயலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

பண்ணை முயலின் பூர்வீகம் ஸ்பெயின் பக்கம். ரோமானியர்கள் மதில் கட்டி அடைத்து வளர்த்தார்கள். கி.பி. 600-ல் போப் கிரிகோரி நோன்பு நாளில் முயல் குட்டி தின்ன அனுமதித்தார், அதனால் பிரெஞ்சு மடங்களில் முயல் வீட்டு விலங்கானது என்று ஒரு கதை ரொம்ப நாள் ஓடியது. அப்படி ஓர் உத்தரவே கிடையாது, தூர் நகர ஆயராக இருந்த வேறொரு கிரிகோரி எழுதியதைக் குழப்பிக்கொண்டார்கள் என்று 2018-ல் ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். பெயர்க் குழப்பம் முயலை அங்கேயும் விடவில்லை :-)

நம் நாட்டில் இதை முறையாகப் பரப்பியவை அரசு நிலையங்கள்தான். ராஜஸ்தான் அவிகாநகரில் 1962-ல் தொடங்கிய மத்திய செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் இருக்கிறது. ஊட்டி பக்கம் சாண்டிநல்லாவில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் நிலையம். வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா இனங்கள் இங்கிருந்துதான் விவசாயிகளுக்குப் போயின. கவனித்தீர்களா, இரண்டும் குளிர்ப் பிரதேசம்! நம்ம ஊர் சித்திரை வெயிலில் கிடா முயலுக்கு இனவிருத்தித் திறனே குறைந்துவிடும். கீற்றுக் கொட்டகை, மர நிழல், ஈரச் சாக்கு இல்லாமல் இங்கே முடியாது.

இனி என் பாடமான கணக்கு. சினைக்காலம் 31 நாள். ஓர் ஈற்றுக்கு ஆறு குட்டி, வருடம் ஐந்து ஈற்று என்றால் 30 குட்டி. மூன்று மாதத்தில் ஒவ்வொன்றும் இரண்டு கிலோ வரும், கறி பாதி தேறும். ஒரு தாயிடமிருந்து வருடம் 30 கிலோ. வெள்ளாடு சினைக்கே ஐந்து மாதம் எடுக்கும்.

அப்புறம் ஏன் ஊரெல்லாம் முயல் பண்ணை இல்லை? வாங்க ஆள் வேண்டுமே. பல இடங்களில் முயலைக் கறியாக விற்றதைவிட, அடுத்தவர் பண்ணை வைக்க ஜோடியாக விற்றதுதான் வியாபாரம். புதுப் பண்ணைக்காரர் வராத நாளில் அது நின்றுவிடும். பெருந்துறை ஈமு கோழி 2012-ல் கவிழ்ந்ததும் இதே கணக்கில்தான்.

இதற்கு மேல் 2014-ல் சட்டச் சிக்கல். உணவுப் பாதுகாப்பு விதிகளில் இறைச்சி விலங்கு என்று ஆடு, மாடு, பன்றி, கோழியினம், மீன் எல்லாம் இருந்தன. முயல் இல்லை! இதைச் சுட்டி முயல் வெட்டத் தடை வந்தது. கேரளப் பண்ணைக்காரர்கள் கொதித்துப் போனார்கள். பட்டியல் எழுதியவர்களுக்குப் பண்ணை முயல் என்று ஒன்று இருப்பதே நினைவில் வரவில்லை போல. அரசாங்கமே குட்டி கொடுத்து வளர்க்கச் சொன்ன பிராணி அது. பிறகுதான் வீட்டு முயல் பட்டியலில் சேர்ந்தது.

எங்கள் பக்கத்துக் கறிக்கடைகளில் இன்றைக்கும் ஆடும் கோழியும்தான். முயல் வேண்டுமென்றால் வளர்ப்பவரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.