கடலைக் காணாத நுண்ணுயிர்

1980 ஜூன் 16 அன்று, மனிதர் உருவாக்கிய நுண்ணுயிருக்கும் காப்புரிமை உண்டு என அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதிகளில் ஐவர் ஆதரித்தனர், நால்வர் மறுத்தனர். ‘டயமண்ட் எதிர் சக்ரவர்த்தி’ எனும் அவ்வழக்கை உயிரித்தொழில்நுட்ப மாணவர்கள் நன்கறிவர். அந்த நுண்ணுயிர் எதற்காக உருவாக்கப்பட்டது, அப்பணியை அது செய்ததா என்ற வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன.

கடலில் சிந்திய கச்சா எண்ணெயைச் சிதைப்பதே அதன் நோக்கம். அத்தேவையை உலகுக்கு உணர்த்தியது 1967 மார்ச்சில் நிகழ்ந்த விபத்து. ‘டோரி கேன்யன்’ எனும் எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் கார்ன்வால் கரைக்கு அப்பால் பாறையில் மோதியது. அதில் இருந்தது ஏறத்தாழ 1,20,000 டன் எண்ணெய். பிரிட்டிஷ் அரசு விமானங்களை அனுப்பிக் கப்பலைக் குண்டுவீசி எரிக்க முயன்றது. கடலிலும் கரையிலும் சுமார் 10,000 டன் சலவை வேதிப்பொருளைத் தெளித்தது. எண்ணெயைவிட அவ்வேதிப்பொருளே கரையோர உயிர்களை மிகுதியாகக் கொன்றது என ஆய்வுகள் பின்னர் காட்டின.

கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1965இல் முனைவர் பட்டம் பெற்ற ஆனந்த மோகன் சக்ரவர்த்தி, ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவன ஆய்வாளராக இருந்தபோது வேறொரு வழியைக் கண்டார். கச்சா எண்ணெய் பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. ஒரு வகைப் பாக்டீரியா அவற்றுள் சிலவற்றையே சிதைக்கும். அத்திறன்களுக்குரிய மரபுச் செய்தியைத் தாங்கும் வெவ்வேறு பிளாஸ்மிட்களை அவர் ஒரே சூடோமோனாஸ் பாக்டீரியாவில் சேர்த்தார். 1972இல் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது. வைக்கோல் போன்ற மிதக்கும் பொருளில் நுண்ணுயிரை ஏற்றிக் கடலில் தூவும் முறையும் அதில் இடம்பெற்றது. அம்முறையைக் காப்புரிமை அலுவலகம் ஏற்றது. பாக்டீரியாவுக்கே உரிமை கோரியதைத்தான் மறுத்தது. வழக்கு அங்கிருந்து தொடங்கியது.

வழக்கில் வென்ற நுண்ணுயிர், எண்ணெய் படர்ந்த கடலில் ஒருபோதும் இறக்கப்படவில்லை. ஆய்வகத்தில் மாற்றப்பட்ட உயிரைத் திறந்தவெளியில் விடுவது குறித்த அச்சம் ஒரு தடை. மற்றொரு தடை கடலின் இயல்பு. எண்ணெயில் கரிமம் ஏராளம். ஆயினும் நுண்ணுயிர் பெருகத் தேவையான நைட்ரஜனும் பாஸ்பரசும் கடல்நீரில் குறைவு. 1989இல் அலாஸ்காவில் ‘எக்ஸான் வால்டஸ்’ கப்பலின் எண்ணெய் கரையில் படிந்தபோது, புதிய பாக்டீரியாவைக் கொண்டுவருவதற்கு மாறாக அக்கரையிலேயே வாழ்ந்த நுண்ணுயிர்களுக்கு உரம் இட்டனர். அவை சிதைக்கும் வேகம் கூடியது.

2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதின. கரையொதுங்கிய தடித்த எண்ணெயைத் தொழிலாளர்களும் மீனவர்களும் மாணவர்களும் வாளிகளில் அள்ளினர். காப்புரிமை விண்ணப்பத்துக்கும் அந்த வாளிகளுக்கும் இடையே 45 ஆண்டுகள் கடந்திருந்தன.

கண்டுபிடிப்புகளின் பட்டியலைத் தொழில்நுட்ப வரலாறாகக் கொள்வோருக்கு அந்த வாளிகள் புலப்படுவதில்லை. சக்ரவர்த்தியின் பாக்டீரியா சட்டத்தையும் ஒரு பெருந்தொழிலையும் மாற்றியது. விபத்து நேர்ந்த நாளில் கரையில் எந்தக் கருவி இருந்தது, யாருடைய கைகள் எண்ணெயைத் தொட்டன என்று கேட்கும்போதுதான் கடல் தூய்மையின் வரலாறு தொடங்குகிறது.