ஓலைக் கூரையிலிருந்து கான்கிரீட்டுத் தளம் வரை

மாமல்லபுரத்தில் ஐந்து இரதங்களைக் கண்டவர்கள், அவற்றுள் மிகச் சிறியதான திரௌபதி இரதத்தை மறந்திருக்க மாட்டார்கள். நான்கு புறமும் சரிந்திறங்கும் அதன் கூரை, ஓலைக் குடிசையின் கூரையே ஆகும். பீம இரதத்தின் வண்டிக் கூண்டு போன்ற கூரையும், மரமும் மூங்கிலும் கொண்டு கட்டிய கட்டடத்தின் நகல்தான். ஏழாம் நூற்றாண்டுச் சிற்பிகள் தம் காலத்துக் கட்டடங்களைப் பாறையில் செதுக்கி வைத்தனர்.

இதற்குச் சற்று முன்னர், மகேந்திரவர்மப் பல்லவன் விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் ஒரு குடைவரைக் கோயிலை அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து ஆகியவை இன்றி அதனை ஆக்கியதாகக் கல்வெட்டும் பொறித்தான். அக்கல்வெட்டு தீயைப் பற்றிப் பேசவில்லை. ஆயினும், தீக்கிரையாகாத கூரை அன்று முதலில் கிடைத்தது கடவுளுக்குத்தான். குடிமக்கள் ஓலையின் கீழேயே வாழ்ந்தனர்.

ஓலை விரைவில் எரிவதேன்? ஒரு பொருள் பற்றிக்கொள்ள அதன் மேற்பரப்பு சூடாக வேண்டும். கனமான மரக்கட்டையில் வெப்பம் உள்ளே பரவிவிடுவதால் மேற்பரப்பு மெதுவாகவே சூடாகும். ஓலையோ மெல்லியது, அடுக்குகளுக்கிடையே காற்றும் உண்டு. சிறு பொறியே அதற்குப் போதும். மேலும், சாய்ந்த கூரையில் சுடர் மேல்நோக்கி எழுந்து, மேலுள்ள ஓலையை முன்கூட்டியே சூடாக்கிவிடுகிறது. கடற்காற்று பொறிகளை அடுத்த கூரைக்குக் கொண்டு செல்கிறது. ஒரு குடிசையில் பிடித்த தீ ஒரு குப்பத்தையே அழிப்பது இவ்வாறுதான். எனவே தீக்காப்பில் சுவரினும் கூரையே முதன்மையானது.

இந்த உண்மைக்கு நாம் கொடுத்த விலை பெரிது. 2004 சூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் எழுந்த தீ, மாடி வகுப்பறைகளின் ஓலைக் கூரைக்குப் பரவியது. எரியும் கூரை குழந்தைகள் மீது விழுந்தது. 94 குழந்தைகள் மாண்டனர். அதன் பின்னரே பள்ளிகளில் ஓலைக் கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது.

ஓலைக்கு மாற்றாக வந்தவை எவை? சென்னையிலும் செங்கற்பட்டிலும் வசதி படைத்தோர் மெட்ராஸ் டெரஸ் எனப்படும் தளத்தை அமைத்தனர். தேக்கு உத்திரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்தாக நிறுத்திக் கட்டுவது அது. பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து சீமை ஓடு பரவியது. செங்கல்லும் ஓடும் சூளைத் தீயில் வெந்தே பிறந்தவை. மறுமுறை எரிய அவற்றில் ஏதுமில்லை. ஆனால் ஓட்டைத் தாங்கும் சட்டம் மரமாயிற்றே! இடுக்கில் புகும் பொறி அதனைப் பற்றவைக்கலாம்.

இங்கே ஒரு வேறுபாட்டை நினைவிற் கொள்ள வேண்டும். எரியாத பொருள் எல்லாம் தீயைத் தாங்கும் பொருள் ஆகாது. ஆஸ்பெஸ்டாஸ் தகடு எரியாது. கடும் வெப்பத்தில் வெடித்துச் சிதறும். அதன் நுண்ணிழைகள் நுரையீரலுக்கும் கேடு. இரும்பு எரியாது, ஏறத்தாழ 600 பாகை செல்சியசில் தன் வலிமையில் பாதியை இழக்கும். கருங்கல்லும் விலக்கன்று. அதிலுள்ள குவார்ட்சு 573 பாகையில் படிக அமைப்பு மாறிச் சட்டென விரிவதால் கல் விரிசலடையும். பாறை மேல் விறகுத் தீ மூட்டிக் கல்லைப் பலகையாகப் பெயர்த்த பழைய கல்லுடைப்போர் வெப்பத்தின் இந்த ஆற்றலை அறிந்திருந்தனர்.

2024இல் தொடங்கிய தமிழக அரசின் கனவு இல்லத் திட்டம், 2030க்குள் எட்டு இலட்சம் வீடுகள் கட்டுவதை இலக்காகக் கொண்டது. 360 சதுர அடி வீட்டில் 300 சதுர அடி கான்கிரீட்டுத் தளமாக இருத்தல் வேண்டும். எஞ்சிய பகுதியிலும் ஓலையோ ஆஸ்பெஸ்டாசோ கூடாது என்பது விதி.

கடற்கரையில் கட்டுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கான்கிரீட்டின் உள்ளிருக்கும் கம்பியைத் தீயிலிருந்து காப்பது, அதனை மூடியுள்ள கான்கிரீட்டுப் படலமே. உப்புக் காற்று கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு பருத்து அப்படலத்தைப் பெயர்க்கிறது. அப்போது கம்பி தீக்கு நேராக நிற்கும். ஆகவே, கடற்காற்று படும் கான்கிரீட்டுக்கு 45 மி.மீ. மூடுபடலம் வேண்டும் என்கிறது இந்தியத் தரவிதி. இதில் சிக்கனம் பார்ப்பது வீட்டின் ஆயுளையும் தீத்தாங்கும் திறனையும் ஒருங்கே குறைப்பதாகும்.

ஓலை குளிர்ச்சியானது, மலிவானது. ஏழைகள் அதை விரும்பித் தேர்ந்தார்கள் என்பதினும், வேறு வழியின்றித் தேர்ந்தார்கள் என்பதே பொருந்தும். கல்லில் கூரை அமைத்துப் பதின்மூன்று நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. இனியேனும் இக்கடற்கரையில் ஓலைக் கூரை, திரௌபதி இரதத்தின் கல்லில் மட்டும் எஞ்சி நிற்கட்டும்.