ஃபைனல் சொல்யூஷன்

2002 குஜராத் வன்முறை குறித்து ராகேஷ் சர்மா இயக்கிய ஆவணப்படம் (2004). உயிர் தப்பியவர்களின் சாட்சியத்தையும் தேர்தல் மேடைகளின் வெறுப்புப் பேச்சையும் அருகருகே வைக்கிறது. படத்தின் வலிமையே அதுதான். உறவுகளைப் பறிகொடுத்த சிறுவன் ஒருவன், பெரியவனானதும் பட்டாளத்தில் சேர்ந்து இந்துக்களைக் கொல்வேன் என்கிறான். நானும் இந்துதான் என்று இயக்குநர் சொன்னால் நம்ப மறுக்கிறான். ஜோஷுவா ஓப்பன்ஹைமரின் ‘தி ஆக்ட் ஆஃப் கில்லிங்’ (2012) படத்தில் இந்தோனேசியக் கொலையாளிகள் தங்கள் 1965–66 கொலைகளைப் பல ஆண்டுகள் கழித்துத் தாங்களே நடித்துக் காட்டுகிறார்கள். சர்மாவோ அனல் அடங்குமுன்பே காமிராவுடன் போய் நின்றார். 2004 மும்பைப் பன்னாட்டுத் திரைப்பட விழா சர்மாவின் படத்தை ஏற்கவில்லை. விலக்கப்பட்ட படங்களுக்காக இயக்குநர்கள் ‘விகல்ப்’ விழாவைத் தொடங்கினர். சர்மாவின் படத்துக்குத் தணிக்கை வாரியம் விதித்த தடை அதே ஆண்டு அக்டோபரில் நீங்கியது. அதுவரை, பிரதியெடுத்துப் பரப்புங்கள் என்று இயக்குநரே குறுந்தகடுகளைக் கொடுத்தனுப்பினார்.